மவுத் ஆர்கன் சங்கம்: பட்டியலில் இல்லாத அந்த ஒரு கட்டம்

எங்கள் வட்டாரத்து மவுத் ஆர்கன் சங்கம் ஆண்டுச் சந்தாவை 60 ரிங்கிட்டிலிருந்து 40 ஆகக் குறைத்திருக்கிறது. வாட்ஸ்அப் புலனத்தில் அந்தச் செய்தி வந்த அன்றே கோலகங்சார் நண்பர் கேட்டுவிட்டார்: "சேரலாமா? பக்கத்துல சொல்லித்தர ஆள் கிடைக்குமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சில வருஷமாக உறுப்பினராக இருக்கிறேன். மெச்சவும் காரணம் இருக்கிறது, திட்டவும் காரணம் இருக்கிறது.

சங்கம் நடக்கும் விதம் தெரிந்ததுதான். சந்தா கட்டினால் பேராக் மாநிலத்தில் வாசிப்பவர்கள், சொல்லித்தருபவர்கள் பட்டியல் கைக்கு வரும். மாதம் ஒரு ஞாயிறு கடைவீட்டு மாடியில் கூடி வாசிப்பார்கள். சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இதற்கே நன்றி சொல்ல வேண்டும். மிருதங்கம், வயலின் என்றால் கோயிலில் விசாரித்தால் ஆள் அகப்படும். மவுத் ஆர்கனுக்கு யாரைப் போய்க் கேட்பது? தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சாயங்காலமானால் பழைய சினிமாப் பாட்டு வாசித்த பெரியவர்கள் இருந்தார்கள். தோட்டத்தை விட்டு ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போனபிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். பட்டியலில் பெயர், ஊர், தொலைபேசி எண், கட்டணம், பேசும் மொழி எல்லாம் இருக்கின்றன. எந்த மவுத் ஆர்கன் என்பது மட்டும் இல்லை. மவுத் ஆர்கனுக்கே இன்னொரு பெயரான ஹார்மோனிகாவைப் போட்டு, 'ஹார்மோனிகா ஆசிரியர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். லோரி, கார், மோட்டார் மூன்றுக்கும் சேர்த்து 'வண்டி ஓட்டக் கற்றுத்தரப்படும்' என்று போர்டு வைத்த மாதிரி.

என்னிடம் இருப்பது பத்துத் துளை டையட்டோனிக், ஒரே சுருதியின் ஏழு சுரங்களுக்கென்று அமைந்த ரகம். சி, அதாவது ஒரு கட்டைச் சுருதி. நாலாம் துளைக்கும் ஏழாம் துளைக்கும் இடையில் சங்கராபரண ராகத்தின் ஏழு சுரமும் அடங்கிவிடும். நாலில் ஊதினால் ச, உறிஞ்சினால் ரி. ஐந்தில் க, ம. ஆறில் ப, த. ஏழில் மட்டும் தலைகீழ், உறிஞ்சினால் நி, ஊதினால் மேல் ச. புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லாரும் இடறும் இடம் அது. இதற்குக் கீழ் ஸ்தாயியில் மவும் தவும் நேராகக் கிடைக்காது. இரண்டாம், மூன்றாம் துளைகளில் உறிஞ்சியபடியே வாய்க்குள் நாக்கின் நிலையை மாற்றி, சுரத்தைக் கீழே இழுத்து அவற்றை எடுக்க வேண்டும். இதைத்தான் பெண்டிங் என்கிறார்கள். நம் பாட்டுக்குக் கொஞ்சமாவது குழைவு கொடுக்க வேண்டுமென்றால் அந்த வித்தை வேண்டும். நான் ஆசிரியர் தேடியதே அதற்காகத்தான்.

குரோமாட்டிக் வேறு ரகம். பொதுவாக 12 துளை, 48 ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு), பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் அரைச்சுரம் ஏறும். ரியும் தவும் அரைச்சுரம் கீழே இருக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை வாசிக்க ஆசைப்பட்டால் அதுதான் சரியான கருவி. டிரெமொலோ இன்னொரு ரகம். ஒரு சுரத்துக்கு இரண்டு ரீட், இரண்டும் இம்மியளவு சுருதி தள்ளி இருக்கும். அந்த அலையலையான நடுக்கம் அதனால் வருவது. அதில் பெண்டிங்குக்கு அநேகமாக வழியே இல்லை. ஒன்றை வாசிக்கிறவருக்கு இன்னொன்று வரும் என்று நிச்சயமில்லை.

பட்டியலை நம்பி ஈப்போவுக்குப் போனேன். பெட்டியைத் திறந்ததும் அந்த ஆசிரியர் சிரித்துவிட்டார். அவர் குரோமாட்டிக் ஆள், மேற்கத்திய செவ்வியல் மட்டும்தான். மனுஷர் தங்கமானவர். கோப்பி போட்டுக் கொடுத்து, ஹார்மோனிகா கலைஞர் லாரி அட்லர் வாசிப்பதற்கென்றே 1951இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் எழுதிய படைப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். பெண்டிங் பற்றிக் கேட்டதற்கு, "பத்துத் துளையை நான் தொடுவதில்லை" என்றார். தைப்பிங்கில் இருந்தவரோ பள்ளிக் குழுக்களுக்கு டிரெமொலோ சொல்லித்தருபவர். பெட்ரோலும் விடுமுறையும் போனதுதான் மிச்சம்.

பட்டியலில் ஒரு கட்டம் கூட்டி, கருவியின் வகையைப் போடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னேன். "நல்ல யோசனைண்ணே, கமிட்டியில பேசுறோம்" என்றார். அடுத்த வருஷப் பட்டியல் புது அட்டையோடு வந்தது. மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம் கூடியிருந்தது. யார் கேட்டார்கள் மின்னஞ்சலை? மறுபடி சொன்னேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லாரும் வேலைக்குப் போய் வந்து, சம்பளமில்லாமல் இதைச் செய்கிறவர்கள். மாடிக்கு வாடகை, மின்சாரம் எல்லாம் அந்தச் சந்தாவில்தான் ஓடுகிறது. அப்புறம், அந்தப் பட்டியல் இல்லையென்றால் சீன அங்கிளை எனக்குத் தெரிந்திருக்காது.

என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். ஆசிரியர் பகுதியில் அவர் பெயர் இல்லை, வாசிப்பவர்கள் பகுதியில் இருந்தது. இத்தனை வருஷமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சீனப் பள்ளிகளில் ஹார்மோனிகா குழு வைத்துக்கொள்வது இந்த நாட்டில் பழைய வழக்கம், அவரும் அப்படிக் கற்றவர். வாசிப்பது டிரெமொலோ. எங்களுக்குள் பேச்சு மலாயில்.

அவருடைய பாட்டு நோட்டில் சுரங்களுக்குப் பதில் 1 முதல் 7 வரை எண்கள். மேல் ஸ்தாயி என்றால் எண்ணுக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் அடியில் புள்ளி. எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு ஓடிப்போய், சின்ன வயதில் சங்கீதம் கற்ற சுரப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாத மனுஷர் 'ச' மேலே இருந்த புள்ளியில் விரலை வைத்தார். பிறகு 'ப' அடியில் இருந்த புள்ளியில். "சாமாலா!" (இதுவும் அதுவும் ஒன்றுதான்!) என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அன்றைக்கே மோகன ராகத்தில் ஒரு கீதத்தை 1, 2, 3, 5, 6 என்று எழுதிக் கொடுத்தேன். நிறுத்தாமல் வாசித்தார். கமகம் என்னும் சுரக் குழைவு ஒன்றும் இல்லைதான், இருந்தாலும் மோகனம் மோகனமாகவே இருந்தது.

போன மாதம் என் கருவியில் நாலாம் துளை உறிஞ்சு ரீட் சுருதி இறங்கிவிட்டது. புதிது வாங்கத்தான் இருந்தேன். அவர் மூடியைக் கழற்றி, ரீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, நுனியில் லேசாகச் சுரண்டினார். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்குமாம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஆக, கோலகங்சார் நண்பரே, தாராளமாகச் சேருங்கள். 40 ரிங்கிட்டுக்கு இது மோசமில்லை. பட்டியலில் யாரைக் கூப்பிட்டாலும், ஐயா எத்தனை துளை, பட்டன் உண்டா, ஒரு சுரத்துக்கு எத்தனை ரீட் என்று முதலில் கேளுங்கள். கட்டணம் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கலாம், வாசிப்பவர்கள் பகுதியையும் விடாமல் பாருங்கள்.

எனக்குப் பெண்டிங் சொல்லித்தர இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. இந்த வருஷத்துப் பட்டியலும் வந்துவிட்டது, அந்தக் கட்டம் இதிலும் இல்லை. பொருளாளர் சந்தாவுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். நான் கட்டப்போவதில்லை. அங்கிள் வீட்டுக்குப் போக ரசீது கேட்க மாட்டார்கள்.