‘கிட்நாப்ட்’: பல வருடம் கூடவே இருந்த ஒரு நாவல்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய ‘கிட்நாப்ட்’ நாவலோடு எனக்குப் பள்ளி நாட்களிலிருந்து பழக்கம். முதலில் கையில் கிடைத்தது சுருக்கப் பதிப்பு. கல்லூரிக் காலத்தில் முழு நூலைப் படித்தேன். அப்புறம் மின்னூலாக, ஒலிநூலாக, அக்கா பிள்ளைகளுக்கு இரவில் வாசித்துக் காட்டும் கதையாக அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. என்னிடம் வாங்கிப் படித்தவர்களும் நிறைய. அவர்கள் சொன்னதையும் என் அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1751-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்து. அப்பாவை இழந்த பதினேழு வயது டேவிட் பால்ஃபர், இதுவரை பார்த்தே இராத தன் சித்தப்பா எபனேசரைத் தேடிப் போகிறான். குடும்பச் சொத்து டேவிட்டுக்குச் சேர வேண்டியது. அதை விட மனமில்லாத எபனேசர், பையனை ஒரு கப்பல் தலைவனிடம் ஒப்படைத்து, அமெரிக்காவின் கரோலினா தோட்டங்களில் விற்றுவிட ஏற்பாடு செய்கிறார். நடுவழியில் அந்தக் கப்பலில் ஏறுகிறான் ஆலன் பிரெக் ஸ்டூவர்ட், அரசுக்கு எதிரான கலகத்தில் வாள் பிடித்தவன். இருவரும் சேர்ந்து தப்பிப்பதுதான் மிச்சக் கதை.

நான் அதிகம் கேட்ட புகார், தொடக்கம் மெதுவாகப் போகிறது என்பது. முப்பது அத்தியாயங்களில் ஆலன் வருவதே ஒன்பதாவதில்தான், அதனால் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. எபனேசரின் வீட்டில் நடப்பது ஒவ்வொன்றும் பயத்தை ஒரு படி ஏற்றுகிறது. கஞ்சி குடித்துக் காலம் தள்ளும் கிழவர், விளக்கே ஏற்றாத பெரிய வீடு. கோபுரத்தின் உச்சியில் இருக்கும் பெட்டியை எடுத்து வா என்று புயல் அடிக்கும் இரவில், வெளிச்சம் இல்லாமல், டேவிட்டை அனுப்புகிறார். அவன் சுவரைத் தடவிக்கொண்டே ஏறுகிறான். ஒரு மின்னல் வெட்டுகிறது. மேலே படிக்கட்டு முடிந்து வெறும் வெளி இருப்பது அப்போதுதான் தெரிகிறது. இந்தக் கட்டத்தை வாசித்துக் காட்டியபோது அக்காவின் இளைய மகன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு மெதுவாகப் போகிறது என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

கப்பல் பகுதியில் எல்லா வயதினரும் ஒன்றுபடுகிறார்கள். பதினைந்து பேருக்கு எதிராக ஆலனும் டேவிட்டும் கப்பலின் மேல்தள அறைக்குள் நின்று போராடும் இடம், சாகசக் கதைகளில் நான் படித்த மிகச் சிறந்த சண்டைக் காட்சிகளில் ஒன்று. கதவு எங்கே, சாளரம் எங்கே, யார் எதைக் காக்க வேண்டும் என்பதை ஸ்டீவன்சன் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவதால் குழப்பமே வருவதில்லை. சண்டை முடிந்ததும் ஆலன் தன் வாளைப் புகழ்ந்து ஒரு பாட்டுக் கட்டுகிறான். அதில் டேவிட்டின் பெயரே இல்லை! அப்புறம் தன் கோட்டிலிருந்து ஒரு வெள்ளிப் பொத்தானை வெட்டி அவனிடம் கொடுக்கிறான். ஆலனின் தற்பெருமையையும் தாராளத்தையும் ஒரே பக்கத்தில் பார்த்துவிடுகிறோம்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. ரான்சம் என்ற சிறுவன் அந்தக் கப்பலில் வேலை செய்கிறான். குடிவெறியில் ஓர் அதிகாரி அடித்தே அவனைக் கொன்றுவிடுகிறான். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது கனமாக இருக்கும். என் அனுபவத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் சரியாக இருக்கிறது. அந்த வயதில் இதை மறைக்கவும் கூடாது. பிள்ளைகளைக் கடத்தி விற்பது ஸ்டீவன்சனின் கற்பனை இல்லை. 1743-இல் அபர்டீன் துறைமுகத்திலிருந்து பீட்டர் வில்லியம்சன் என்ற சிறுவன் அப்படித்தான் கடத்தப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டான். பெரியவனாகித் திரும்பி வந்து, தனக்கு நேர்ந்ததைப் புத்தகமாக எழுதி, வழக்கும் நடத்தினான்.

வரலாறு அதிகமாக இருக்கிறது, புரியவில்லை என்பது அடுத்த புகார். இது உண்மையான தடை. 1745-இல் ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற எழுந்த கலகம், 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் அது நசுக்கப்பட்டது, அதற்குப் பிறகு மலைநாட்டு மக்களின் ஆயுதங்களையும் பாரம்பரிய உடையையும் தடை செய்த சட்டங்கள், இவை தெரியாமல் படித்தால் பாதிச் சூடு குறைந்துவிடும். குத்தகைக்காரர்கள் அரசுக்கு வாடகை கட்டிவிட்டு, பிரான்சில் ஒளிந்திருக்கும் தங்கள் தலைவனுக்கும் இரண்டாவதாக ஒரு வாடகை சேர்த்து அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தைக் கொண்டுபோகிறவன்தான் ஆலன். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நான் பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்லி, ஒரு வரைபடத்தையும் கையில் கொடுத்துவிடுவேன்.

கதையின் நடுவில் வரும் கொலையும் நிஜம். அரசுக்காக வாடகை வசூலித்தவரும் சிவப்பு நரி என்று அழைக்கப்பட்டவருமான காலின் கேம்பெல், மலைநாட்டின் ஆப்பின் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டது 1752 மே மாதம். ஸ்டீவன்சன் அதை ஓர் ஆண்டு முன்னால் நகர்த்தினார், நகர்த்தியதை முன்னுரையில் தானே சொல்லவும் செய்தார். சுட்டது யார் என்பது இன்று வரை உறுதியாகவில்லை. ஆலனும் நிஜத்தில் வாழ்ந்தவர்; அவர் மேல் சந்தேகம் விழுந்தது, ஆனால் தப்பிவிட்டார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் உடந்தை என்று குற்றம் சாட்டப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் கேம்பெல் குலத்தின் தலைவர். பதினைந்து ஜூரிகளில் பதினொரு பேர் கேம்பெல்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜேம்ஸின் வீட்டில் ஆயுதங்களை அவசர அவசரமாகப் புதைக்கும் அத்தியாயத்தைப் படித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இனி நான் இந்த நாவலை விடாமல் வைத்திருப்பதற்கான காரணம். டேவிட் சமவெளிக்காரன், ஜார்ஜ் மன்னருக்கு விசுவாசமானவன். ஆலன் அந்த மன்னரை ஒழிக்க நினைப்பவன். கடைசி வரை இருவரும் கட்சி மாறுவதில்லை. பல வாசகர்கள் டேவிட்டை உம்மணாமூஞ்சி என்றும், எல்லாவற்றிலும் நல்லது கெட்டது பார்ப்பவன் என்றும் குறை சொல்கிறார்கள். ஆலன்தான் அவர்களுக்குப் பிடிக்கிறது. எனக்கும் பன்னிரண்டு வயதில் அப்படித்தான். ஆனால் 24-ஆம் அத்தியாயத்தை முழுப் பதிப்பில் படித்த பிறகு இருவரையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. டேவிட் காய்ச்சலில் கிடக்கும்போது ஆலன் அவனுடைய பணத்தைச் சீட்டாட்டத்தில் இழந்துவிடுகிறான். பணம் திரும்பக் கிடைத்தாலும் மனக்கசப்பு போகவில்லை. மழையில் நனைந்து, பசித்து, நாள் கணக்கில் பேசாமல் நடக்கிறார்கள். ஆலன் இறங்கிவந்து பேசப் பேச டேவிட் இறுகிக்கொண்டே போகிறான். கடைசியில் சீண்டிச் சீண்டி வாளையே உருவிவிடுகிறான். ஆலனும் உருவுகிறான், ஆனால் நண்பன் மேல் வீச முடியாமல் வாளைத் தரையில் எறிந்துவிடுகிறான். அப்புறம் டேவிட்டைத் தாங்கிப் பிடித்து நடக்கும்போது, நீ சண்டையே போடாதவன் என்பதால்தான் உன்னைப் பிடித்தது என்று நினைத்தேன், இப்போது இன்னும் பிடிக்கிறது என்கிறான்.

நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இந்தச் சண்டை அத்தியாயத்தைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருக்கிறார். யார் மேல் தப்பு என்று கேட்டால் அக்கா பிள்ளைகள் இன்றும் இரண்டு கட்சி. இருபது வயதில் நான் ஆலன் பக்கம் இருந்தேன். இப்போது, களைப்பும் காய்ச்சலும் ஒரு நல்ல பையனை எவ்வளவு கொடூரமாகப் பேச வைக்கும் என்பது புரிவதால், டேவிட்டுக்காகவும் மனம் இரங்குகிறது.

இதனால்தான் சுருக்கப் பதிப்புகள் மேல் எனக்குக் கோபம். நான் பார்த்தவற்றில் கோபுரம், கப்பல் சண்டை, கொலை எல்லாம் இருக்கும், இந்தச் சண்டையை மட்டும் இரண்டு பத்தியில் முடித்துவிடுவார்கள். இளைஞர்களுக்கான ‘யங் ஃபோக்ஸ்’ இதழில் 1886-இல் தொடராக வந்த கதை இது. அன்றைய சிறுவர்கள் முழுதாகத்தான் படித்தார்கள், இன்றைய பிள்ளைகளாலும் முடியும். காப்புரிமை முடிந்துவிட்டதால் ஆங்கில மின்னூல் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்காட்டிஷ் பேச்சு தடுக்கினால் அருஞ்சொல் பட்டியல் உள்ள அச்சுப் பதிப்பை வாங்குங்கள். ஒலிநூல் என்றால் ஸ்காட்லாந்துக்காரர் வாசித்ததாகப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாத வசனம் காதுக்குப் புரிந்துவிடுகிறது.

பெண் பாத்திரங்கள் இல்லை என்ற குறை சரிதான். படகு தேடித் தந்து இருவரையும் ஃபோர்த் கழிமுகத்தைக் கடக்க வைக்கும் விடுதிப் பெண் மட்டும் நினைவில் நிற்கிறாள், இந்த நாவலில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. அக்கா மகள் இதைச் சுட்டிக்காட்டியபோது என்னிடம் பதில் இல்லை.

முடிவு சட்டென்று அறுந்துவிடுகிறது என்று ஏறக்குறைய எல்லோருமே சொல்கிறார்கள். ஆமாம், சொத்து விவகாரம் தீர்ந்ததும் எடின்பரோவில் டேவிட்டை நிறுத்திவிட்டு ஸ்டீவன்சன் பேனாவை வைத்துவிடுகிறார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ன ஆனார் என்பதற்கு 1893-இல் வந்த இதன் தொடர்ச்சியான ‘கேட்ரியோனா’ நாவல் வரை காத்திருக்க வேண்டும். சாட்சி சொல்லப் போகும் டேவிட்டை, விசாரணை முடியும் வரை பாஸ் ராக் என்ற பாறைத் தீவில் அடைத்து வைக்கும் பகுதி அதில் வருகிறது. அதுவரை படித்தால் ஏமாற்றம் இருக்காது. அதற்குப் பிறகு கதை ஹாலந்துக்கும் காதலுக்கும் திரும்பிவிடுகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது பிடிக்கலாம், இளையவர்கள் பாதியில் வைத்துவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.