படபடப்பு எப்படி நின்றது என்று கேட்ட மருத்துவப் பிரிவு

நான்கு ஆண்டுகளாகக் காரணம் தெரியாமல் வந்துபோன வேகத் துடிப்புக்கு, இதயத் துடிப்புக் கோளாறுகளை மட்டுமே பார்க்கும் ஒரு மருத்துவப் பிரிவில்தான் கடைசியில் விடை கிடைத்தது. 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்ற பதிலோடு வீடு திரும்பும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், அங்கே கண்ட நிறைகளையும் குறைகளையும் எழுதுகிறேன்.

இதற்கு முன்பு வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு மூன்று முறை ஓடினேன். மூன்று முறையும் ஈசிஜி எடுப்பதற்குள் துடிப்பு அடங்கிவிட்டது. இயல்பாக இருந்த வரைபடத்தைக் காட்டி, மனப்பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி, படபடப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போகலாம் என்பதை ஒருவரும் எனக்கு விளக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

புதிய பிரிவில் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே வேறு: "எப்படித் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது?" படபடப்பு வரும்போது இதயம் அடித்துக்கொள்ளும் விதத்தை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டச் சொன்னார். நான் தட்டத் தட்ட, வேகம் எவ்வளவு, இடைவெளி சீராக இருக்கிறதா என்று கவனித்தார். பயத்திலோ காய்ச்சலிலோ கூடும் துடிப்பு படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும் என்றும், இதயத்தின் மின்பாதையில் சுழற்சி ஏற்பட்டால் ஸ்விட்ச் போட்டது போல ஒரே நொடியில் தொடங்கி அதே போல நிற்கும் என்றும் விளக்கினார். கழுத்துக்குள்ளும் துடிக்கிறதா என்று அவர் கேட்டபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் பலமுறை சொல்லியும் யாரும் குறித்துக்கொள்ளாத அறிகுறி அது. ரத்தசோகை, தைராய்டு, உப்புச் சத்துகளுக்கான பரிசோதனைகளும் இதயத்தின் எக்கோவும் ஒரே நாளில் முடிந்தன, எதிலும் குறையில்லை.

அடுத்த வேலை துடிப்பைக் கையும் களவுமாகப் பிடிப்பது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிற தொல்லையை துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியில் பிடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று மருத்துவரே சொல்லி, மார்பில் ஒட்டும் 14 நாள் பட்டையைத் தந்தார். ஒன்பதாம் நாள் பாத்திரம் கழுவக் குனிந்தபோது படபடப்பு தொடங்கியது. பட்டையின் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். பிறகு பதிவைப் பார்த்தால், 78 ஆக இருந்த துடிப்பு அடுத்த கணமே 186க்குத் தாவி, 22 நிமிடம் அசையாமல் அங்கேயே நின்றிருந்தது. பட்டை ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து அரித்தது உண்மை. ஆனாலும் நான்கு ஆண்டுகளில் கிடைக்காத சான்றை அந்தப் பட்டைதான் தந்தது.

சிகிச்சைக்குக் காத்திருந்த நாட்களில் படபடப்பு வந்தால் அதை நிறுத்துவதற்கென்று ஒரு செவிலியர் கற்றுத்தந்த பயிற்சியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதிவிட்டு, உடனே மல்லாந்து படுத்துக் கால்களை 15 விநாடி உயர்த்திப் பிடிக்கச் செய்தார். வெறுமனே ஊதுவதைவிட இப்படிச் செய்வது கூடுதல் பலன் தருகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது, பழைய முறையில் 17 சதவீதம் பேருக்கே. மயக்கம், மார்வலி, மூச்சுத்திணறல் வந்தால் பயிற்சியில் நேரம் கடத்தாமல் அவசரப் பிரிவுக்கு வரவேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

இந்த வகைத் துடிப்பு பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது என்பதால், அப்படியே விட்டுவிடலாம், மாத்திரை எடுக்கலாம், அல்லது கோளாறான மின்பாதையைச் சுட்டு அடைக்கும் அப்லேஷன் செய்யலாம் என்று மூன்று வழிகளையும் அவசரப்படுத்தாமல் விளக்கினார்கள். மாத்திரையில் சோர்வு மிகுந்ததால் அப்லேஷனைத் தேர்ந்தேன். தொடை மடிப்பிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, முதலில் அந்தத் துடிப்பைச் செயற்கையாகத் தூண்டினார்கள். அரை மயக்கத்திலும் "இதுதான், இதேதான்" என்று சொன்னேன். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மின்கணுவின் அருகே, துடிப்பைச் சுழலவைக்கும் இரட்டை மின்பாதை இருப்பதை அங்கேயே உறுதிசெய்து, மெதுவான பாதையை ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வெற்றி கிட்டும் சிகிச்சை இது. அரிதாக இயல்பான மின்பாதை பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. ஒப்புதல் படிவத்தைச் சிகிச்சை நாளன்று காலையில்தான் கையில் கொடுத்தார்கள். முன்தினமே கொடுத்திருந்தால் பொறுமையாகப் படித்திருப்பேன். தொடையில் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போகும் என்று யாரும் எச்சரிக்காததால் இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன்; தொலைபேசியில் விளக்கம் பெற நான்கு முறை அழைக்க வேண்டியிருந்தது. எட்டு மாதங்களாக அந்தத் துடிப்பு திரும்பவில்லை. எப்போதாவது ஒரு துடிப்பு தப்பி விழுவது போலத் தோன்றுகிறது. அது கவலைப்பட வேண்டியதில்லை என்று மறுபரிசோதனையில் மறுபடியும் ஈசிஜி எடுத்துக் காட்டினார்கள்.