முன்பள்ளியில் சமூகக்கல்வி: படஅட்டையா, பாடவரிசையா, சந்தையா?

நாலு வயதுப் பிள்ளைக்குத் தன்னைச் சுற்றியுள்ள மனிதரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் உண்டு. சுவரில் தொங்கும் 'நமக்கு உதவுவோர்' படஅட்டை. நான், குடும்பம், பள்ளி, ஊர், நாடு என விரியும் பாடவரிசை. தெருவைக் காட்டிவிட்டு, திரும்பி வந்து ஆடும் கடை விளையாட்டு.

அட்டை மலிவு, மழை நாளிலும் கைகொடுக்கும். ஆனால் 'தபால்காரர், பொலிஸ், வைத்தியர்' என்று ஒப்புவிக்கும் பிள்ளையிடம் தபால்காரர் என்ன செய்வார் என்று கேட்டால் முழிக்கும். இந்தியாவில் அச்சான அட்டையென்றால் அதிலுள்ள காசும் கொடியும்கூட எங்கள் இலங்கையுடையவை அல்ல.

பாடவரிசையில் ஒழுங்கு இருக்கிறது. முதலாம் தரத்தில் வரும் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடத்துக்கும் நல்ல அடித்தளம். ஆனால் கிட்ட இருப்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரிந்தது என்று அது நம்புகிறது. கனடாவில் இருக்கும் சித்தியோடு தினமும் வட்ஸ்அப்பில் கதைக்கிற கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளைக்கு, அதே தொடர்மாடியின் மேல்மாடியில் இருக்கும் சிங்களக் குடும்பத்தைத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதனால் என் தெரிவு மூன்றாவது வழி. வெள்ளவத்தைச் சந்தைக்குக் கூட்டிப்போய் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கரட் எங்கிருந்து வந்தது?" கடைக்காரரே பதில் சொல்லட்டும். நுவரெலியாத் தோட்டம், லொறி, பேலியகொடை மெனிங் மொத்தச் சந்தை, மூட்டை தூக்குகிறவர் என்று ஒரு கரட்டுக்குப் பின்னால் எத்தனை பேர்! போகும் வழியில் பெயர்ப்பலகைகளில் மூன்று மொழி எழுத்துகள். கடைக்காரர் சிங்களவரென்றால் பிள்ளைகள் சிங்களத்தில் "ஸ்துதி" (நன்றி) சொல்லிப் பழகலாம். மே மாதமென்றால் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வெளிச்சக் கூடுகளும் கண்ணில் படும். அப்புறம் வகுப்பில் வெற்றுப் பெட்டிகள், கடதாசிக் காசு, ஒரு தராசு போதும். யார் விற்பது, யார் வரிசையில் நிற்பது, மிச்சக்காசு குறைந்தால் என்ன செய்வது என்று அவர்களே சண்டை பிடித்துத் தீர்ப்பார்கள். விதி, நியாயம், பங்கீடு எல்லாம் அந்தச் சண்டைக்குள் வந்துவிடும்.

சிரமம் இருக்கிறது. காலி நகருக்குப் போகும் பெருந்தெருவான காலி வீதியில் வாகனம் ஓயாது. கடற்கரைப் பக்கம் ரயில் பாதை. இரண்டு மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். ஆள் இல்லையென்றால் மரக்கறிக்காரரை வகுப்புக்கே கூப்பிடலாம்.

"எழுத்து எப்ப சொல்லிக்குடுப்பீங்க ரீச்சர்?" என்று கேட்கும் பெற்றோரையும் ஒருநாள் துணைக்கு அழைத்துப் போங்கள். ஆள் பற்றாக்குறையும் தீரும், பிள்ளை கடைக்காரரிடம் என்னென்ன கேட்கிறது என்று அவர்களும் நேரில் பார்ப்பார்கள்.