நாயை வண்டிக்குள் விட்டுப் போகிறவர்களுக்கு: சிம் போட்ட வெப்பநிலைக் கருவி, ஒரு வருடத்துக்குப் பிறகு

கேரவனில் (படுக்கை வசதியுள்ள, வீடு மாதிரியான வண்டி) நாயோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். ஏசியைப் போட்டு, நாயை உள்ளே விட்டுவிட்டு, குளிக்கவோ சாமான் வாங்கவோ போன நேரத்தில் கரண்ட் போய்விட்டால்? எங்கள் மணி பக் வகை, மூக்கு சப்பை. நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், சப்பை மூக்கு நாய்க்கு அதுவும் கஷ்டம். அதனால்தான் இந்தக் கருவியை வாங்கினேன்.

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. உள்ளே சூடு நாம் வைத்த அளவைத் தாண்டினாலும், கரண்ட் போனாலும் போனுக்கு மெசேஜ் வரும். வைஃபையில் ஓடும் கருவிகள் மலிவு, மாதச் சந்தாவும் இல்லை, ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து அணைந்துவிடும், எந்த நேரத்தில் தகவல் வேண்டுமோ அந்த நேரத்தில் அது ஊமை. இதில் சொந்த பேட்டரியும் சிம்மும் இருக்கின்றன, சந்தா கட்ட மனம் வந்தது அதற்காகத்தான்.

ஒரு மத்தியானம், கேரவனை நிறுத்தியிருந்த முகாமின் இன்னொரு கோடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "கரண்ட் இல்லை" என்று மெசேஜ். ஈரக்கையோடு ஓடினேன். ஏசியும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து இழுத்ததில் வண்டிக்குக் கரண்ட் எடுக்கும் கம்பத்தில் இருந்த பிரேக்கர் டிரிப் ஆகியிருந்தது. கதவைத் திறந்தால் மணி வாசலிலேயே நிற்கிறான், நாக்கு அகலமாகத் தொங்குகிறது, தொண்டை கரகரக்கிறது. நான் கிளம்பும்போது 24 டிகிரி, அப்போது 29. துணி காய்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளியே 21 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, வெயிலில் நிற்கும் கார் பத்தே நிமிடத்தில் 30-ஐத் தாண்டும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை. கேரவன் பெரியது, சூடேற நேரம் எடுக்கும், ஆனால் ஏறத்தான் செய்யும். நாயின் உடம்பு 41 டிகிரியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, குறைகள். மலைப் பக்கம் ஒரு தடவை டவர் கிடைக்கவில்லை. ஆப்பைத் திறந்தால் 24 என்று நிம்மதியாகக் காட்டுகிறது, கீழே பொடி எழுத்தில் பார்த்தால் அது இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய கணக்கு! இணைப்பு அறுந்தால் அதையல்லவா முதலில் கத்திச் சொல்ல வேண்டும்? விற்றவர்களுக்கு எழுதினேன், செட்டிங்கில் ஒரு மூலையில் அதற்கும் எச்சரிக்கை இருக்கிறதாம், நாமே போய் ஆன் செய்யணுமாம். வாங்கின அன்றே அதைத் தேடி ஆன் செய்துவிடுங்கள். அப்புறம், டாஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயில் பட்டுச் சும்மா சும்மா அலறும். ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். நாய் படுக்கும் உயரத்தில், நிழலில் வையுங்கள்.

வண்டி ஓடும்போது இதற்கு வேலையில்லை, அப்போது நாய்க்கு ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) போட்டு சீட் பெல்ட்டோடு மாட்டுவதுதான் முக்கியம்.

நான் இப்போது 27 டிகிரியில் அலாரம் வைத்திருக்கிறேன், பத்து நிமிடத்தில் ஓடி வர முடியாத தூரத்துக்கு மணியை விட்டுப் போவதில்லை. "உள்ளே நாய் இருக்கிறது" என்று போன் நம்பரோடு எழுதிக் கதவிலும் ஒட்டியிருக்கிறேன்.