பழைய எம்.ஜி.பி.யில் புதிய எஞ்சின்: பட்டறையில் காரை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் தமிழர்கள் அதிகம் பேர் இல்லை. அந்தச் சிலரில் இருவர் கடந்த மாதம் என்னை அழைத்து, தங்கள் காரின் எஞ்சினை எடுத்துவிட்டு இக்காலத்து எஞ்சின் ஒன்றைப் பொருத்த விரும்புவதாகவும், நான் போன பட்டறைக்கே போகலாமா என்றும் கேட்டார்கள். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பட்டறையைத் தவிர்த்துவிட்டு அதே தவறுகளை வேறொரு பட்டறையில் செய்தால் பயனில்லை என்பதால், எனக்கு நேர்ந்ததை முழுவதும் எழுதுகிறேன். வழக்குக்குரிய கடிதங்கள் இன்னும் போய்வந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என்னுடையது 1970ஆம் ஆண்டு ஆபிங்டன் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது கூரையைத் திறக்கக்கூடிய இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.கள் அங்கே தயாராயின. அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லாத கார் இது. அதன் 1798 சி.சி. எஞ்சின் எளிமையானது, உறுதியானது, இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களையும் ஒரு ஸ்குரூ டிரைவரையும் ஒரு ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் என் காரில், வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இல்லை. லெஸ்டரிலிருந்து லண்டனுக்கு மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போகும்போது எஞ்சின் கத்துகிற கத்தலில் அருகில் அமர்ந்திருக்கும் மனைவியிடம் ஒரு சொல் பேச முடியாது. மாதம் இருமுறை அந்தப் பயணம் எங்களுக்குக் கட்டாயம் என்பதால், மாஸ்டா எம்.எக்ஸ்-5இன் 1.8 எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்துவது என்று முடிவு செய்தேன். அது 1839 சி.சி., பதினாறு வால்வு, ஏறத்தாழ 140 குதிரைத் திறன். பழைய எஞ்சின் புதிதாக இருந்தபோதே 95தான். இரண்டு கார்களிலும் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டுகிறது என்பதால், தெரிந்தவர் கையில் இது நன்றாக அமையக்கூடிய பொருத்தம். பழைய காரில் கை வைப்பதே பாவம் என்று சொல்பவர்களோடு நான் இன்றும் உடன்படவில்லை. என் வருத்தம் செய்த முடிவைப் பற்றியது அல்ல, செய்யப்பட்ட வேலையைப் பற்றியது.

2022 மார்ச்சில் காரை ஒப்படைத்தேன். மதிப்பீடு 11,500 பவுண்டு, கெடு நான்கு மாதம் என்று ஒரே ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். “1.8 எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங், பொருத்தும் கூலி” என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எந்தக் காரிலிருந்து எடுத்த எஞ்சின், அதன் எண் என்ன, பெட்ரோல் குழாய்களை யார் மாற்றுவது, கழற்றிய எஞ்சின் எங்கே இருக்கும் என்ற எதுவும் எழுதப்படவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பணமாக 500 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதியை, கார்டு என்றால் கூடுதல் செலவாகும் என்று அவர்கள் சொன்னதால், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினேன்.

நான்கு மாதம் பதின்மூன்று மாதமாயிற்று. ஒவ்வொரு முறை பணம் கேட்கும்போதும் ஒரு புகைப்படம் வரும். வேலை நடப்பதைப் பார்த்த நிம்மதியில் பணத்தை அனுப்பிவிடுவேன். பிறகு வழக்குக்காக அந்தப் படங்களை வரிசைப்படுத்தியபோதுதான், ‘எஞ்சின் உட்கார்ந்துவிட்டது’ என்று வந்த மூன்றாவது படத்தின் ஓரத்தில் தெரிந்த தகடு நீல நிறம் என்பதைக் கவனித்தேன். என் காரின் எஞ்சின் அறை கரும்பச்சை. வேறு யாருடைய காரையோ காட்டி என்னிடம் 3,000 பவுண்டு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் படம் வந்த அன்று மாலையே ஒன்றரை மணி நேரம் ஓட்டிப்போய்க் கண்ணால் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மொத்தம் 14,200 பவுண்டு கொடுத்து 2023 ஏப்ரலில் காரை எடுத்துவந்தேன்.

முதல் வாரத்திலேயே ஒன்று உறுத்தியது. பெரிய ரவுண்டபௌட்டில் நீண்ட வளைவாகத் திரும்பும்போது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் மெல்லச் சரிந்து, வளைவு முடிவதற்குள் அடியில் படுத்துவிடும். நேர்ச்சாலைக்கு வந்ததும் எழுந்து நிற்கும். பட்டறைக்குத் தொலைபேசி செய்தேன். பழைய காரின் மீட்டரைப் புதிய எஞ்சினோடு இணைத்தால் அப்படித்தான் காட்டும், கவலை வேண்டாம் என்றார் உரிமையாளர். நான் நம்பினேன். 340 மைல் ஓடிய பிறகு, ஒரு காலை எஞ்சினை முடுக்கியதும் அடிவயிற்றிலிருந்து மரப்பலகையைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

லெஸ்டரில் நாற்பது ஆண்டுகளாக மெக்கானிக்காக இருக்கும் தமிழ் அண்ணன் ஒருவரிடம் காரை இழுத்துச்சென்றோம். அவர் எஞ்சினைத் தொடவேயில்லை. எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, அதன் டப்பாவை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை ஒரு வெள்ளைத் துணியின் மேல் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு மடிப்பிலும் செம்பு நிறத்தில் மினுமினுவென்று தூள் படிந்திருந்தது. “தம்பி, இது அழுக்கு இல்ல. பேரிங் மேல்பூச்சு போயி அடியில இருக்கிற செம்பு வருது,” என்றார். எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கியதும் காரணம் கிடைத்தது. எம்.ஜி.பி.யில் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச்சட்டம் எஞ்சினுக்கு அடியில் ஓடுகிறது. மாஸ்டாவின் சம்ப் அதில் இடிப்பதால் அதை வெட்டி உருமாற்றி ஒட்ட வேண்டும். இவர்களும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் எண்ணெயை உறிஞ்சும் குழாயை அந்தப் புதிய வடிவத்துக்கு ஏற்ப மாற்றவில்லை. அதன் வாய் சம்ப்பின் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் தொங்கியது. எண்ணெய் ஒரு பக்கமாக ஓடிவிடாமல் தடுக்கும் தட்டையும் திரும்பப் பொருத்தவில்லை. வளைவில் எண்ணெய் ஓரத்துக்கு ஒதுங்கும்போதெல்லாம் பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது, பேரிங்குகள் எண்ணெய் இல்லாமல் உரசித் தேய்ந்திருக்கின்றன. மீட்டர் பொய் சொல்லவில்லை.

அன்று மாலை அவர் எனக்குக் காட்டிய இன்னும் இரண்டு குறைகளைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரிங் போனால் பணம்தான் போகும், இவற்றால் உயிரே போயிருக்கும். கார்புரேட்டருக்கு ஏறத்தாழ 0.2 பார் அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு (மாஸ்டாவுடையது இந்த வகை) 3 பார் வேண்டும், அதாவது பதினைந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் ஓடும் குழாயில், கார்புரேட்டருக்குரிய சாதாரண ரப்பர் ஹோஸை மாட்டித் திருகு கிளிப்பால் இறுக்கியிருந்தார்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே விற்கும் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் அந்த வகை ரப்பர் விரைவிலேயே வெடிப்பு விடும். சைலன்ஸர் குழாய்க்கு ஒரு சாண் மேலே ஹோஸ் வியர்த்திருந்தது. அவர் விரலால் தடவி முகரச் சொன்னார், பச்சைப் பெட்ரோல். இரண்டாவது, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை போடப்படவேயில்லை. எஞ்சின் ரப்பர் மௌண்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் திரும்பிப்போக வேறு வழி தேடும். என் காரில் அது ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகி, மெழுகு வழிந்ததுபோல் இறுகிக் கிடந்தது. அது சிக்கிக்கொண்டால் காலை எடுத்தாலும் ஆக்ஸிலரேட்டர் இறங்காது.

அடுத்தது காகிதம். எஞ்சினை மாற்றினால் புதிய எண்ணையும் கொள்ளளவையும் டி.வி.எல்.ஏ. என்ற வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, வி5சி எனும் காரின் பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும். கொள்ளளவு மாறினால் ரசீது அல்லது பட்டறையின் கடிதத் தாளில் எழுதிய உறுதிமொழி போன்ற சான்று தேவை. அந்தக் கடிதத்தை மூன்று முறை கேட்டும் பட்டறை தரவில்லை. ஏன் என்பது அண்ணன் எஞ்சின் எண்ணைத் துடைத்துப் படித்தபோது தெரிந்தது. 1.8 எஞ்சின் என்றால் எண் ‘பிபி’ என்று தொடங்க வேண்டும். என் காரில் இருந்தது ‘பி6’. அது 1597 சி.சி., அதாவது எம்.எக்ஸ்-5இன் 1.6 எஞ்சின். முப்பது குதிரைத் திறன் குறைவான, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எஞ்சினை வைத்துவிட்டு 1.8க்கு விலை வாங்கியிருக்கிறார்கள். நான் காப்பீட்டு நிறுவனத்திடம் நல்லெண்ணத்தோடு 1.8 என்று சொல்லியிருந்தேன். விபத்து ஒன்று நடந்திருந்தால் அந்த ஒரு தவறான தகவலே இழப்பீடு பெறுவதில் சிக்கலைக் கிளப்பியிருக்கலாம்.

கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை பற்றிப் பட்டறைக்காரர்கள் சொன்னதையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டு கடந்த காருக்குச் சோதனை தேவையில்லை, நேராக ஓட்டிப்போங்கள் என்றார்கள். கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் கணிசமான மாற்றம் செய்யப்படாத கார்களுக்குத்தான் அந்த விலக்கு. அதே எஞ்சினின் வேறு கொள்ளளவு வடிவமோ, அந்தக் காருக்கே தொழிற்சாலை மாற்றாகப் பொருத்திய எஞ்சினோ கணிசமான மாற்றமாகக் கருதப்படாது, எம்.ஜி.பி.க்குள் மாஸ்டா எஞ்சின் அந்த இரண்டிலும் சேராது. மேலும், விலக்கு கோரும் வி112 படிவத்தில் கையெழுத்திடுவது பட்டறைக்காரர் அல்ல, நாம். சட்டம் எப்படி இருந்தாலும் எஞ்சின் மாற்றிய காரை எம்.ஓ.டி. பார்க்காமல் சாலையில் இறக்கவே கூடாது என்பது என் கருத்து. வியர்த்துக்கொண்டிருந்த அந்த ஹோஸை எந்தச் சோதனையாளரும் முதல் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார். பாடியை வெட்டுவதிலும் கவனம் தேவை. அப்போதிருந்த டி.வி.எல்.ஏ. விதிப்படி (2025 ஆகஸ்டில் அது மாறிவிட்டது) பதிவு எண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் டிரான்ஸ்மிஷனுக்கு இரண்டும் போனாலும், மாற்றப்படாத மோனோகாக் பாடிக்கு (தனி அடிச்சட்டம் இல்லாத ஒரே கூடு) ஐந்து, சஸ்பென்ஷன், அச்சு, ஸ்டியரிங் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு என்று பதினொன்று நின்றிருக்கும். கியர்பெட்டிக்கு இடம்விட பாடியைக் கிரைண்டரால் அறுத்து அந்த ஐந்தை இழந்திருந்தால் மிச்சம் ஆறுதான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத இழப்பு பழைய எஞ்சின். ‘ஷெட்டில் பத்திரமாக இருக்கிறது, வேன் கிடைக்கும்போது அனுப்புகிறோம்’ என்று ஐந்து மாதம் சொன்னார்கள். ஆறாவது மாதம், இடத்துக்கு வாடகை தராததால் அகற்றிவிட்டோம் என்றார்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், தன்னிடமுள்ள தொழிற்சாலை ஏடுகளைப் பார்த்து எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களுக்குப் பாரம்பரியச் சான்றிதழ் தருகிறது. என் சான்றிதழில் 18ஜிஜி என்று தொடங்கும் எஞ்சின் எண் இருக்கிறது; 2016இல் காரை வாங்கிய நாளில் எஞ்சின் கட்டியில் இருந்த தகட்டை அதனோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தும் பொருந்தியதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஐம்பத்திரண்டு ஆண்டு ஒன்றாக இருந்தவற்றை நான் என் கையாலேயே கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது, அதற்கு அந்த 500 பவுண்டு கார்டுத் தொகைதான் காரணம். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், முழு இழப்புக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது. சுதந்திரமான பொறியாளர் ஒருவரின் அறிக்கை, அண்ணன் பிரித்து எடுத்த படங்கள், நீலத் தகடு தெரியும் அந்தப் படம், எஞ்சின் எண் எல்லாவற்றையும் அனுப்பியபோது கார்டு நிறுவனம் 7,900 பவுண்டைத் திருப்பித் தந்தது. காணாமற்போன எஞ்சினுக்காகப் பட்டறைக்கே தனியாக வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பியிருக்கிறேன். இங்கிலாந்தில் சிறு வழக்குப் பிரிவின் வரம்பு 10,000 பவுண்டு என்பதால் வழக்கறிஞர் இல்லாமலேயே தொடரலாம்.

நீங்கள் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், காரை விடும் முன்பே எஞ்சின் எண்ணை நேரில் பார்த்து ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். சம்ப் வெட்டுவது, உறிஞ்சுகுழாய், உயர் அழுத்தப் பெட்ரோல் ஹோஸ், எர்த் பட்டை ஆகிய ஒவ்வொன்றும் பெயரோடு அந்தத் தாளில் இருக்கட்டும். கழற்றிய எஞ்சினை அன்றே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அது கையால் தூக்க முடியாத அளவுக்குக் கனமானது, எஞ்சின் தூக்கும் கிரேனும் ஒரு வேனும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தவணைப் பணத்தை நேரில் பார்த்த பிறகே கொடுங்கள்.

இப்போது கார் அண்ணனின் பட்டறையில் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. லிங்கன் பக்கத்தில் ஒருவரிடம் அதே ஆண்டு 18ஜிஜி எஞ்சின் ஒன்று இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. சனிக்கிழமை போய்ப் பார்க்கப்போகிறோம். அது என் காரின் எஞ்சின் அல்ல என்று எண்ணைக் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் புறப்படுகிறேன். பழைய எண் உள்ள தகட்டை விற்பனைக்கு வரும் ஒவ்வொரு எஞ்சினிலும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.