பழைய ஸ்கார்ப்பியோவின் உடைந்த கிளாடிங்: மூன்று கடைகளும் ஒரு பட்டறையும்

எங்கள் வீட்டில் இருப்பது 2011-ஆம் ஆண்டு வாங்கிய மஹிந்திரா ஸ்கார்ப்பியோ. எம்ஹாக் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்றுவரை பெரிய தொந்தரவு எதையும் தந்ததில்லை. வண்டியின் வயதைக் காட்டிக்கொடுத்தது வெளியே சுற்றிலும் பொருத்தியிருக்கும் கிளாடிங் என்ற பிளாஸ்டிக் உறைதான். சென்ற ஆண்டு ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கும்போது எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியதில், ஓரத்தில் வெட்டி விட்டிருந்த ஒரு மரத்தின் அடிக்கட்டை இடப்பக்க முன் ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகரம்) கிளாடிங்கை இரண்டாகப் பிளந்து, முன் கதவுக் கிளாடிங்கின் முனையையும் பெயர்த்துவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு அதற்கு முன்பே உடைந்து, மூன்று வருடங்களாகக் கட்டுக்கம்பியின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அடியைத் தான் வாங்கிக்கொண்டு தகரத்தைக் காப்பாற்றுவதற்காகவே வைத்த பிளாஸ்டிக் தன் வேலையைச் செய்துவிட்டது.

காப்பீட்டில் கேட்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். சாதாரண காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி விலையைக் கழித்துவிட்டு மீதியைத்தான் தருவார்கள். அதோடு, இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸில் அதுவரை சேர்ந்ததும் போய்விடும். சில ஆயிரம் ரூபாய் வேலைக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் கைக்காசைப் போட்டே செய்வதென்று முடிவெடுத்தேன். மூன்று துண்டுகளையும் ஒரே இடத்தில் வாங்க முடியாமல் போனது அப்போது எரிச்சலாக இருந்தாலும், கம்பெனிப் பொருள், லோக்கல் பொருள், பழைய வண்டியிலிருந்து கழட்டிய பொருள் ஆகிய மூன்றையும் ஒரே வண்டியின் ஒரே பக்கத்தில் மாட்டி ஒப்பிடும் வாய்ப்பு அதனால்தான் கிடைத்தது.

முதலில் போனது கம்பெனியின் உதிரிபாக கவுண்டருக்கு. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சரியான பாக எண்ணைத் திரையில் எடுத்துக் காட்டிவிடுகிறார்கள், அது பெரிய வசதி. ஸ்கார்ப்பியோ 2002-இல் வந்ததிலிருந்து பலமுறை முகம் மாறியிருக்கிறது. 2014-இல் வெளித்தோற்றமே கணிசமாக மாறியது. ஆகவே "ஸ்கார்ப்பியோ கிளாடிங்" என்று மட்டும் சொல்லி எங்கே கேட்டாலும் நம் வண்டிக்குச் சேராத துண்டு கைக்கு வருவதற்கே வாய்ப்பு அதிகம். இங்கே முன் கதவுத் துண்டு மட்டும் இருப்பில் இருந்தது. 1,640 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மற்ற இரண்டுக்கும் ஆர்டர் போட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். பிறகு நானாகப் போன் செய்து கேட்டபோதுதான் வராது என்று சொன்னார்கள். பொருளின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இல்லாததை இல்லை என்று முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

அடுத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் இருபுறமும் சீட் கவரும் ஹாரனும் ஹெட்லைட்டுமாக நிரம்பிக் கிடக்கும் அந்தத் தெருவில், முன் ஃபெண்டர் கிளாடிங் மூன்றாவது கடையிலேயே கிடைத்தது. பெயின்ட் அடிக்காத கறுப்புத் துண்டு, 750 ரூபாய். முகப்பில் பார்த்தால் கம்பெனிப் பொருளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வளைவும் ஓரமும் அப்படியே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. வீட்டுக்கு வந்து, உடைந்த பழைய துண்டின் இரு பாதிகளையும் சமையலறைத் தராசில் வைத்து, பிறகு புதியதையும் வைத்துப் பார்த்தேன். புதியது கிட்டத்தட்ட கால் பங்கு எடை குறைவு. அப்போதே மனதில் ஒரு நெருடல் வந்தது, ஆனால் வாங்கியாகிவிட்டது.

பின்சக்கர வளைவு அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. "புதுப்பேட்டையில பாருங்க" என்று கடைக்காரர்களே அனுப்பிவைத்தார்கள்.

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே இருக்கும் புதுப்பேட்டையைச் சென்னையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உடைத்துப் பிரித்த வண்டிகளின் எல்லா உறுப்புகளும் அங்கே கடைகடையாகத் தொங்குகின்றன. நான் போன கடையில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே கதவுகளும் பம்பர்களும் கூரைவரை அடுக்கியிருக்க, நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் வழி. கடைக்கார பாய் என் வண்டியின் ஆண்டையும் நிறத்தையும் கேட்டுவிட்டு, ஏணி போட்டு ஏறி இரண்டு துண்டுகளை இறக்கினார். ஒன்று புதிதுபோல் பளபளத்தது. இன்னொன்று கீறலும் சேற்றுக்கறையுமாக இருந்தது. நான் பளபளத்ததன் மேல் கை வைத்ததும் அவர் சிரித்தார்.

"சார், மூஞ்சிய பாக்காதீங்க, முதுகைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். பளபளத்த துண்டின் பின்புறத்தில் இருக்க வேண்டிய, திருகு மாட்டும் காதுகளில் இரண்டு உடைந்து, அந்த இடத்தில் வேறு பிளாஸ்டிக்கை உருக்கி வைத்திருந்தார்கள். கிளிப் நுழையும் சிறு கூடுகளில் ஒன்று விரிந்துபோயிருந்தது. கீறல் விழுந்த துண்டில் காதுகள் அத்தனையும் முழுதாக இருந்தன. அச்சிலேயே பொறித்த பாக எண்ணும், பி.பி., ஈ.பி.டி.எம். என்ற எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. கீறலைப் பெயின்டர் மறைத்துவிடுவார், உடைந்த காதை யாரும் மறைக்க முடியாது என்பது அவர் வாதம். தன் கடைச் சரக்கின் குறையைத் தானே எடுத்துக் காட்டி, விலை குறைந்ததை விற்ற வியாபாரியை நான் அதிகம் கண்டதில்லை. 1,400 சொன்னார், 900-க்குக் கொடுத்தார். மாட்டிப் பார்த்துச் சேராவிட்டால் நான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம், ஆனால் பெயின்ட் அடித்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கழட்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமானது. நானும் பில் கேட்டேன், பாக எண்ணை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அந்த எழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் பணம் வீணாகும் இடமே அதுதான். பி.பி. என்பது பாலிபுரொப்பிலீன், ஈ.பி.டி.எம். என்பது அதனுடன் கலந்த ஒருவகை ரப்பர். கல் அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்க அந்த ரப்பர் உதவுகிறது. ஆனால் பாலிபுரொப்பிலீனின் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது: சூப்பர் குளூ ஒட்டாது, எபாக்ஸி சில மாதங்களில் அப்படியே தோலுரிந்து வரும், சாதாரண பெயின்ட்டும் நிற்காது. விரிசலை இணைக்க வேண்டுமானால் அதே பி.பி. கம்பியை வைத்து உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். அல்லது சூடான ஸ்டேப்ளர் கம்பிகளைப் பின்புறம் புதைத்துவிட்டு அதன் மேல் உருக்கிப் பூச வேண்டும். முன் கிரில், பக்கவாட்டுக் கண்ணாடியின் உறை போன்ற பாகங்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக். அதை அசிட்டோனில் கரைத்த அதே பிளாஸ்டிக் கூழால் ஒட்டிவிடலாம். ஏ.பி.எஸ்ஸுக்குச் சொன்ன வைத்தியத்தை பி.பி.க்குச் செய்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம். என் பின் வளைவுக்கும் மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் எபாக்ஸி வைத்துத்தான் கொடுத்தார். கட்டுக்கம்பி வந்தது அதற்குப் பிறகு.

பொருத்தும் வேலையைத் தாம்பரம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் கொடுத்தேன். பழையதைக் கழட்டுவதே பாதி வேலை. மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த, இருபுறமும் பசையுள்ள டேப்பை ஹீட் கன்னால் இளக்கி, தூண்டில் நரம்பை இரு கைகளிலும் சுற்றிப் பிடித்து ரம்பம்போல் இழுத்து அறுத்தார்கள். திருப்புளியை விட்டு நெம்பினால் பெயின்ட்டோடு தகரமும் நெளியும். பின் வளைவு கையோடு வந்தபோது உள்ளிருந்து ஒரு முறம் செம்மண் கொட்டியது. அந்த மண்ணுக்குள் முழுதாக ஒரு குளவிக்கூடு இருந்தது. மழையில் நனைந்த மண் அங்கேயே தங்கியதால் வளைவின் மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குத் துரு ஏறியிருந்தது. விரலால் அழுத்தினால் சொறசொறவென்று உதிர்ந்தது, ஆனால் நல்லவேளையாக ஓட்டை விழவில்லை. இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் தகரத்தை வெட்டி வைக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் மேஸ்திரி. வயர் பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, பிரைமர் அடித்து, மடிப்பில் சீலர் வைத்து, ஒரு நாள் காயவிட்ட பிறகே அடுத்த வேலையைத் தொட்டார். உடைந்த கிளாடிங்கை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறையாவது கழட்டி அந்த மண்ணை எடுத்துவிடுவது நல்லது.

கிளிப்புகளில் மிச்சம் பிடிக்க நினைத்தேன், அது தவறு. பழைய நைலான் கிளிப்புகள் வெயிலில் வெந்து, கழட்டும்போதே பாதிக்குமேல் தலை முறிந்தன. புதியவை ஒன்று 15 ரூபாய், மூன்று துண்டுகளுக்குமாக 22 தேவைப்பட்டன. கழுத்தில் ரப்பர் வளையம் உள்ள வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்; வளையம் இல்லாவிட்டால் அந்தத் துளை வழியாகவே தண்ணீர் கதவுக்குள் இறங்கும். டேப்புக்கு த்ரீ எம் நிறுவனத்தின் வி.ஹெச்.பி. வகையை நானே வாங்கிக் கொடுத்தேன். ஐசோபுரொபைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து தகரத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் பக்கத்தில் டேப்புக்கான பிரைமரைத் தடவி, பிறகுதான் ஒட்ட வேண்டும். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அன்று மாலையே வாட்டர் வாஷ் அடித்துப் பளிச்சென்று கொடுக்கத் துடித்த பையனிடம் மூன்று நாளைக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

பெயின்ட்டில்தான் சறுக்கினோம். கம்பெனியிலிருந்து வாங்கிய கதவுத் துண்டும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு துண்டும் வெறும் கறுப்பு. இரண்டுக்கும் அட்ஹீஷன் ப்ரமோட்டர் என்ற பிளாஸ்டிக் பிரைமரை முதலில் மெல்லிதாக அடித்த பின்பே நிறம் ஏற்ற வேண்டும். பெயின்டர் அதைச் செய்ததாகச் சொன்னார். ஒரு மாதம் கழித்து வாட்டர் வாஷில் பிரஷர் கன் பட்டதும், பாலாடை போல ஒரு கையகலத் தோல் மடங்கி எழுந்தது. அடியில் பளபளவென்று கறுப்பு பிளாஸ்டிக், பிரைமரின் சுவடே இல்லை. மறுபேச்சில்லாமல் இலவசமாகத் திரும்ப அடித்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முறை பிரைமர் டப்பாவை நானே எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். புதுப்பேட்டைத் துண்டுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. தொழிற்சாலையில் அடித்த பழைய பெயின்ட் அதன் மேல் உறுதியாக இருந்ததால், அதைச் சுரண்டி எடுக்காமல் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன் மேலேயே நிறத்தை ஏற்றிவிட்டார்கள். வண்டியின் மங்கிய சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகும்படி கொஞ்சம் கலந்து அடித்ததில், வெயிலில் நின்று பார்த்தாலும் மாற்றியது தெரியவில்லை.

இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. கம்பெனித் துண்டும் புதுப்பேட்டைத் துண்டும் மாட்டிய நாளில் இருந்ததுபோலவே இருக்கின்றன. லோக்கல் துண்டு சித்திரை வெயிலைத் தாங்கவில்லை. மதியத்தில் ஃபெண்டரின் நடுவே அலைபோல் எழும்பி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். இரவில் பழையபடி படிந்துவிடும். காரணத்தைப் பழைய உடைந்த பாதிகளை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். சூட்டில் பிளாஸ்டிக் தகரத்தைவிடப் பல மடங்கு நீளும். அதற்காக ஒரிஜினல் துண்டில் நடுவிலுள்ள ஒரு திருகுத் துளையை மட்டும் வட்டமாகவும், மற்றவற்றை நீளவாக்கில் முட்டை வடிவமாகவும் விட்டிருக்கிறார்கள். துண்டு நீளும்போது திருகு அந்த நீளத்துளைக்குள் நகர இடம் இருக்கிறது. லோக்கல் துண்டில் எல்லாத் துளைகளும் வட்டம். நகர வழியில்லாத பிளாஸ்டிக் மேலே எழும்பாமல் என்ன செய்யும்? துளைகளை அரத்தால் நீட்டிப் பார்த்தேன்; ஓரளவு சரியானது, ஆனால் மெலிந்த காது ஒன்று கையோடு வந்துவிட்டது.

ஆக, பாக எண் இருப்பில் இருந்தால் கம்பெனிப் பொருளே வாங்கலாம். இல்லையென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டைத் தாண்டி நேரே புதுப்பேட்டைக்குப் போங்கள் என்றே சொல்வேன். நானும் மறுபடி போனேன். முன் ஃபெண்டர் துண்டு அப்போது பாயிடம் வந்திருந்தது, 800 ரூபாய். கையோடு கொண்டுபோயிருந்த லோக்கல் துண்டை ஏதாவது விலைக்கு எடுத்துக்கொள்வாரா என்று கேட்டேன். வாங்கித் திருப்பி அதன் முதுகைப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் என்னிடமே நீட்டிவிட்டார்.