வன்னிக்கு எந்தப் பெரிய கமரா: 11×14 ஆ, 7×17 ஆ?

பிலிம் தாளே 8×10 அங்குலத்தைத் தாண்டும் கமராக்களில் வன்னியில் வைத்து வேலை செய்யக்கூடியவை என்று பார்த்தால் எனக்கு இரண்டுதான் மிஞ்சுகின்றன: 11×14, 7×17. 1970களில் போலரொய்ட் செய்த 20×24 நூறு கிலோவுக்கு மேல், அதைக் குளக்கட்டில் ஏற்ற லான்ட்மாஸ்டர் உழவு யந்திரம் வேண்டும், ஆகவே விடுங்கள்.

இந்த அளவுகளில் இருக்கும் மயக்கமே பெருப்பிக்கத் தேவையில்லை என்பதுதான். நெகட்டிவைத் தாளோடு அழுத்தி வைத்து அப்படியே அச்செடுக்கலாம். சயனோடைப் என்ற நீல அச்சைச் செய்தால் வெயிலே போதும், அதற்கு எங்களிடம் குறைவில்லை.

என் ஓட்டு 7×17க்கு. இரணைமடுக் குளக்கட்டில் நின்று பாருங்கள்: தண்ணீர், வயல், பனை எல்லாமே கிடையாக நீண்டு கிடக்கிறது, 11×14 வைத்தால் பாதிப் படம் வெறும் வானம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் விருந்து மண்டபங்களில் ஆட்களை வரிசையாக இருத்தி எடுக்கவென்றே இந்த நீள அளவில் கமரா செய்தார்கள், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் படத்துக்கும் அது அளந்து தைத்த சட்டை.

அப்புறம் காசு. இல்ஃபோர்ட் இப்படியான அளவுகளை வருடத்துக்கு ஒரு தரம் ஓடர் எடுத்துத்தான் வெட்டித் தருகிறது, விலையும் தாங்காது. அதனால் பலர் எக்ஸ்றே பிலிமுக்குப் போகிறார்கள். 14×17 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு 7×17! சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தே கழுவலாம். ஆனால் இரண்டு பக்கமும் பூச்சு உள்ள பிலிம் என்றால் தட்டில் உரசிக் கீறல் விழும், அடியில் கண்ணாடி போடுங்கள். இதற்குச் சிவப்பு தெரியாது என்பதால் செம்மண் ஒழுங்கை கறுத்துப்போகும், நீல வானம் வெளுத்துவிடும், முகங்களும் உள்ளதை விடக் கறுப்பாக வரும். கிணற்றுத் தண்ணீர் 28 பாகைக்குக் குறையாது, டெவலப்பரை (படத்தைத் தோன்றவைக்கும் கரைசலை) 20இல் வைத்திருக்க ஐஸ் கட்டி வேண்டும்.

முகம் எடுப்பவருக்கு 11×14தான், அதில் வாதமில்லை. கிட்டப் போய்த் தலையும் தோளுமாக நிரப்பினால் பெலோஸ் (லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் உள்ள மடிப்புத் துருத்தி) நீண்டு, பிலிமில் பாதி உயிரளவு வரும்போது வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், போதாததற்கு கூர்மை வேண்டுமென்று லென்ஸ் துவாரத்தை எஃப் 45 என்ற மிகச் சிறிய அளவுக்கு மூடினால் ஆள் சில விநாடி அசையாமல் இருக்க வேண்டும். சின்னப்பிள்ளைகளை மறந்துவிடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டுமே தலையிடி, பெலோஸ் பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கும், காலையில் எடுத்து முடிக்கப் பாருங்கள்.

முடிவு எடுக்க முடியாவிட்டால் லென்ஸை முதலில் வாங்குங்கள். லென்ஸ் விழுத்தும் வட்டப் படம் பிலிமின் மூலைவிட்டத்தையாவது மூட வேண்டும். 11×14இன் மூலைவிட்டம் 17.8 அங்குலம், 7×17இன்து 18.4. நீளமானதை மூடும் லென்ஸ் மற்றதையும் மூடும்.